வலது கண்ணுக்கு மட்டும்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிக்கே தெரியாது. நம்பரக்கா என்று கேட்டால் போதும், "நேரா போய் ரெண்டாவது கதவு" என்று கையைக் காட்டிவிடுவார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி, டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. அவள் வாயிலிருந்து வரும் எண்ணுக்காக வெளியே பெஞ்சுகளில் இருபது பேராவது காத்திருப்பார்கள். இருபத்தொன்றைத் தாண்டவில்லை என்றால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போவார்கள். தாண்டிவிட்டால், ஏதோ அவள்தான் கூட்டி எழுதிவிட்டதுபோல முறைத்துவிட்டுப் போவார்கள்.

வயது நாற்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை. இயல்பிலேயே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவள். வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியேதான் சாப்பிடுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் பாக்குற லிஃப்டு கூட ஒரு மாடியில நின்னு மூச்சு விடுது. நீ நிக்க மாட்டேங்குறியே" என்பார். ஆனால் கருவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். நோயாளியின் கண்ணில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்று, மஞ்சள் சாயம் ஒரு தொடுதல், பிறகு நீல விளக்கு. கருவியின் சிறிய முனை கருவிழியைப் பட்டும் படாமலும் தொடும்போது இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருகி, அந்த இரண்டின் உள்விளிம்பும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். அந்த நாலைந்து விநாடிக்கு அவள் கல்லாகிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையடக்கமான புதிய கருவி ஒன்றை விற்க ஒருவர் வந்தார். மரத்துப்போகச் செய்யும் சொட்டு வேண்டாம், சாயம் வேண்டாம், கண்ணுக்கு நேரே பிடித்தால் போதும் என்றார். யாராவது ஒருவர் உட்கார்ந்தால் செய்து காட்டலாம் என்றார்.

"நீ உக்காரேன்" என்றாள் நம்பரக்கா, பக்கத்து நாற்காலியில் இருந்த புதுப்பெண்ணிடம். புதுப்பெண் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பிறகு அந்த அறைக்கு யாரும் வராததால் இன்னமும் புதுப்பெண்தான்.

"ஐயோ அக்கா, இப்பத்தான் மை வச்சேன். நீங்க உக்காருங்க."

நம்பரக்கா உட்கார்ந்தாள். கருவி ஆறு முறை டிக் டிக் என்றது. சிறிய திரையில் இருபத்தெட்டு என்று வந்தது. விற்க வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பதறிப்போய்த் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இருபத்தேழு. இடது கண்ணில் வைத்தார். இருபத்திநாலு.

"புது மிஷின் மேடம், செட்டாக கொஞ்ச நேரம் ஆகும்" என்று இழுத்தார்.

"இவளுக்கு வைங்க."

மை கலைந்தாலும் பரவாயில்லை என்று புதுப்பெண் உட்கார்ந்தாள். பதினாலு. மறுபடியும் பதினாலு. கருவியில் ஒரு கோளாறும் இல்லை என்பது மூன்று பேருக்குமே புரிந்துவிட்டது. அவர் தன் பெட்டியை மூடிக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லி நழுவினார்.

நம்பரக்கா பழைய கருவியின் மறுபக்கத்துக்குப் போய், நோயாளிகள் மோவாயை வைக்கும் இடத்தில் தன் மோவாயை வைத்தாள். "எடு" என்றாள். புதுப்பெண் சொட்டு போட்டு, சாயம் தொட்டு, அளந்து, சீட்டில் எழுதி, எழுதிய பக்கத்தை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"என்ன எழுதுன, காட்டு."

"அக்கா, நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. அதனால கொஞ்சம் கூட…"

"நான் எல்லாருக்கும் சொல்ற பொய்ய எனக்கே சொல்றியா?"

சீட்டைத் திருப்பினாள். வலது இருபத்தேழு, இடது இருபத்திநாலு.

டாக்டரம்மா அன்றைக்கே கண்ணின் உள்நரம்பைப் பார்த்தார். பார்வைப் பரப்பைச் சோதிக்கும் இருட்டறையில் அவளை உட்காரவைத்து, மினுக்கும் புள்ளிகளுக்கெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். வலது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு சின்ன இடத்தில் அவளுக்குப் புள்ளிகள் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கண் அழுத்த நோயோட ஆரம்பம்தான். பயப்படாத" என்றார் டாக்டரம்மா. "வலது கண்ணுக்கு மட்டும் மருந்து போடு. சாயங்காலம் ஒரு வேளை, ஒரு சொட்டு. நாலு வாரம்."

"ரெண்டு கண்ணுலயும் ஏறித்தானே இருக்கு டாக்டர்?"

"இருக்கு. ரெண்டுலயும் ஒண்ணா ஆரம்பிச்சா, குறைஞ்சது மருந்தாலயா, இல்ல அது பாட்டுக்கு ஏறி இறங்குறதான்னு எப்படித் தெரியும்? இடது கண்ணு சும்மா இருக்கட்டும். வலதுல எவ்வளவு இறங்குது, இடதுல எவ்வளவு இறங்குதுன்னு பக்கத்துல வச்சுப் பார்த்தா மருந்து வேலை செய்யுதான்னு புரிஞ்சிடும். உனக்கு நான் சொல்லணுமா? நாலு வாரம் கழிச்சு இதே மிஷின், இதே நேரம். இவதான் எடுக்கணும். அதுக்கு நடுவுல நீயே எதையாவது எடுத்துப் பார்த்துக்கிட்டு இருக்காத."

"சரி டாக்டர்" என்றாள்.

அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரு கண்ணை மூடி வெளியே பார்த்தாள். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தாள். கடைப்பலகைகள் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தன. எதிரே இருந்தவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அதைக் கவனிக்கும் நிலையில் புத்தி இல்லை. அவள் நினைப்பெல்லாம் அப்பாவிடம் போய்விட்டிருந்தது.

அவள் அப்பா தபால்காரர். சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றியவர். அவருக்கும் இதே நோய். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் தானே அளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி அளப்பாள். பதினாறு, பதினேழு, மறுபடி பதினாறு. "எங்கப்பா கண்ணுக்கு மருந்து எப்படிக் கேக்குது பாருங்க" என்று எல்லோரிடமும் சீட்டைக் காட்டிக் காட்டி மாய்ந்துபோவாள். நாலாம் வருஷம், அகலத் திறந்து கிடந்த ஒரு இரும்பு கேட்டில் அவர் பட்டப்பகலில் சைக்கிளோடு போய் மோதினார். பார்வைப் பரப்பைச் சோதித்தபோது இரண்டு கண்ணிலும் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சமிருந்தது. அவருடைய மேசை இழுப்பறையில் ஏழு மருந்துக் குப்பிகள் மூடி கூடத் திறக்காமல் இருந்தன.

"கண்ணு எரியுதும்மா, போட்டுக்கிட்டா சைக்கிள் ஓட்ட முடியல" என்றார் அப்பா. "உங்கிட்ட வர்றதுக்கு முந்தின நாளும் அன்னைக்குக் காலையிலயும் மட்டும் போட்டுப்பேன். நம்பர் சரியா வந்தா உன் முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாரு…"

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் சுவரைத் தடவித் தடவி நடந்து போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையில் இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் சாயங்காலம் மருந்து போட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உண்மை புரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து, மேலே பார்த்து, ஒரே ஒரு சொட்டு; கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அவள் போட்ட முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ரெண்டு வார மருந்த ஒரே நாள்ல தீத்துடுவ போல" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. பேசுனா குறி தப்புது."

கல்லூரிக்குப் போகும் மகள்தான் எழுந்து வந்து, "தலைய சாய்ம்மா. அசையாத" என்று மோவாயைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட்டாள். நாலாவது சொட்டு கண்ணில் விழுந்தது.

மூன்றே நாள்தான் பொறுத்தாள். அந்தக் கையடக்கக் கருவியை மருத்துவமனை வாங்கிவிட்டிருந்தது. அதை வைத்திருக்கும் அலமாரியின் சாவியும் அவளிடம்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு கதவைத் தாழிட்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தபடி கருவியைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். இருபத்திரண்டு! குதிக்காத குறைதான். அன்று நோயாளிகளிடம் அவள் பேசிய பேச்சில் தேன் சொட்டியது. மறுநாள் எடுத்தாள். இருபத்தாறு. அன்று அவளிடம் வந்தவர்கள் பாவம்.

அதற்குப் பிறகு அவளுக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. காலையில் வந்ததும் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபது, இருபத்தாறு என்று பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். ஏன் ஏறியது என்று காரணம் தேடினாள். காபி குடித்ததாலா? காபியை விட்டாள். சட்டைக் கழுத்து இறுக்கமா? மேல் பட்டனைக் கழற்றினாள். மாடிப்படி ஏறி வந்ததாலா? லிஃப்டில் போனாள். லிஃப்டிலிருந்து இறங்கி எடுத்தால் எண் இன்னும் ஏறியிருக்கிறதே என்று மறுபடி படிக்கு மாறினாள். வீட்டில் பேச்சுக் கொஞ்சம் உயர்ந்தால்கூட, "கத்தாதீங்க, எனக்கு நம்பர் ஏறுது" என்பாள். குட்டி போட்ட பூனை மாதிரி அடுக்களைக்கும் கூடத்துக்கும் அலைந்தாள். இரண்டாவது வாரம் முதல், ஒரு வேளை போதவில்லையோ என்று காலையிலும் ஒரு சொட்டு போட ஆரம்பித்தாள். வலது கண் கோவைப்பழமாகச் சிவந்தது.

"தூங்கலையா அக்கா?" என்று கேட்டாள் புதுப்பெண்.

"தூசி" என்றாள்.

மூன்றாவது வாரத்தில்தான் டாக்ஸிக்காரர் வந்தார். நாலு வருஷமாக வருகிறவர். அறைக்குள் நுழையும்போதே, "நம்பரம்மா, இன்னைக்கும் பாஸ்தானே?" என்று சிரித்துக்கொண்டு வருவார். எப்போதும் பதினாறோ பதினேழோதான். டாக்டரம்மா மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்லும் ஆள். அன்றைக்கும் பதினாறு. நாற்காலியிலிருந்து எழும்போது அவர் சட்டைப்பையிலிருந்து மருந்துப் பெட்டி கீழே விழுந்தது. நம்பரக்கா குனிந்து எடுத்தாள். பெட்டிமேல் மருந்துக்கடை ஒட்டிய சீட்டில் தேதி நாலு மாதத்துக்கு முந்தியது. குப்பி கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒரு குப்பி ஒரு மாதத்தில் தீர்ந்துபோக வேண்டும்.

"இது எப்பத் திறந்தீங்க?"

"அதுவா… நேத்துத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்துப் போட்டேன், இன்னைக்குக் காலையிலயும் போட்டேன். இங்க வர்றப்ப ஒரு நாளும் விட்டதில்லையே" என்று ஏதோ பெருமையைச் சொல்வதுபோலச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கொளுத்திவிட்டது. "யாரை ஏமாத்துறீங்க? என்னையா, டாக்டரையா? இந்த மிஷினுக்காகவா மருந்து? நாளைக்கு ரோட்டுல போற ஆளு தெரியாம மேல ஏத்திட்டு வந்து நிப்பீங்க. அப்ப இந்தப் பதினாறை எடுத்து யார்கிட்டக் காட்டுவீங்க?" குரல் ஏறிக்கொண்டே போனது. கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோனது.

டாக்ஸிக்காரர் எழுந்து நின்றார். கன்னத்தில் மஞ்சள் சாயம் வழிந்திருந்தது. "நான் என்ன உங்க வீட்டு ஆளா, இப்படிக் கத்துறீங்க?" என்றார் மெதுவாக. குப்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

சேதி டாக்டரம்மாவுக்குப் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூப்பிட்டார். திட்டவில்லை. "நீ சொன்னதுல தப்பில்ல. ஆனா அவர் இனிமே இங்க வரலைன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் டாக்ஸிக்காரர் சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மாலையில் செய்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் நாள், அவள் பேருந்துக்கு நிற்கும்போது அவரே கூப்பிட்டார்.

"என்ன நம்பரம்மா, திட்டுனதுல இன்னும் மிச்சம் இருக்கா?"

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் அப்பா கதை வந்துவிட்டது. சைக்கிள், பதினாறு பதினேழு, இரும்பு கேட்டு, இழுப்பறையில் ஏழு குப்பி எல்லாவற்றையும் இரைச்சலுக்கு நடுவே நின்று சொல்லி முடித்தாள். இரண்டு பேருந்துகள் வந்து போய்விட்டன.

"மருந்து போட்டா அரை மணி நேரத்துக்கு எதிர்ல வர்ற வெளிச்சமெல்லாம் பூவா விரியுதும்மா" என்றார் டாக்ஸிக்காரர். "எனக்குச் சாயங்கால சவாரிதான் அதிகம். சொன்னா வண்டியே ஓட்டாதன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

"அதச் சொன்னாத்தானே வேற மருந்தோ வேற நேரமோ பார்த்துத் தருவாங்க? சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?"

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

நாலு வாரம் முடிந்த அன்று நம்பரக்கா மறுபடியும் மோவாயை வைத்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். அவள் கண்ணின் சிவப்பைப் பார்த்து, "எத்தனை வேளை போட்ட?" என்று கேட்டார்.

"ஒரு வேளைதான் டாக்டர்" என்றாள் நம்பரக்கா. இதே பதிலை, இதே முகத்தோடு, எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் சொல்லியிருப்பார்கள்!

புதுப்பெண் அளந்தாள். வலது இருபத்தைந்து. இடது இருபத்திநாலு.

"திருப்பி எடு."

மறுபடியும் அதேதான்.

"சரியா திருகல நீ."

"அக்கா, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் திருகினேன்" என்றாள் புதுப்பெண். வலது கண்ணின் எண்ணை அவளும் வேறு மாதிரித்தான் எதிர்பார்த்திருந்தாள்.

நம்பரக்கா கைப்பையைத் திறந்து அந்தப் பழைய சீட்டுகளையெல்லாம் மேசைமேல் கொட்டினாள். "கண்ணாடியைப் பார்த்து அந்தப் புது மிஷின்ல நானே எடுத்தேன். பத்தொன்பது வந்திருக்கு டாக்டர். பாருங்க, இது போன வாரம். இருபது இங்க இருக்கு…"

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு ஒரு கையால சாய்ச்சுப் பிடிச்சா அது என்ன நம்பர வேணும்னாலும் காட்டும். இதுல உனக்கு எந்த நம்பர் வேணும், சொல்லு, அதையே எழுதிடலாம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "இப்ப சொல்லு. எத்தனை வேளை?"

"ரெண்டு."

"எப்பலருந்து?"

"ரெண்டாவது வாரத்துலருந்து."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இந்த மருந்த அதிகமாப் போட்டா அதோட வேகம் குறையும். அதிகமாப் போட்டதால இறங்கலையா, இல்ல மருந்தே உனக்குக் கேக்கலையா? எனக்கு இப்பத் தெரியாது. நாலு வாரமும் வீண்."

மறுபடி முதலிலிருந்து. முதலில் சில வாரம் மருந்தே வேண்டாம். பழைய அளவுக்கு வரட்டும். அதற்குப் பிறகு நாலு வாரம், சாயங்காலம் ஒரே ஒரு சொட்டு, வலது கண்ணுக்கு மட்டும். அலமாரிச் சாவி புதுப்பெண்ணின் கைக்குப் போனது. நம்பரக்காவே கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "நான் கேட்டாலும் தராத. அழுதாலும் தராத" என்றாள்.

"அழுவீங்களா அக்கா?"

"சொல்ல முடியாது."

சும்மா இருப்பது அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே கடினமான வேலையாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா? கண் வலிக்கவில்லை, வலித்தாலாவது ஒரு சேதி கிடைத்தமாதிரி இருக்கும். விரலால் இமைமேல் அமுக்கிப் பார்ப்பாள். கல்லுப்போல இருக்கிறதே என்று தோன்றும். இடதை அமுக்கிப் பார்த்தால் அதுவும் அப்படியே இருக்கும். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கி நடந்தாள். வீட்டிலிருந்த அலமாரிகளையெல்லாம் காலி செய்து மறுபடி அடுக்கினாள். கணவருடைய ஸ்பேனர்களை அளவு வாரியாக அவள் அடுக்கிவைக்கப்போய், எதையும் கண்டுபிடிக்க முடியாமல் அவர் ஒரு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனார்.

"இன்னும் எத்தனை வாரம்?" என்று மகளிடம் தனியாகக் கேட்டார்.

"ரெண்டுப்பா."

"தாங்குமா வீடு?"

அந்த நாட்களில் ஒரு காலை டாக்ஸிக்காரர் வந்தார். சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு வாரமா ஒரு சொட்டு கூடப் போடல. இன்னைக்கும் போடல. உள்ளது உள்ளபடி எடுங்க" என்றார்.

அவர் சீட்டில் இருந்த பழைய எண்களைப் பார்க்காமலிருக்க நம்பரக்கா ஒரு காகிதத்தால் அவற்றை மூடினாள். அளந்தாள். இருபத்தெட்டு, இருபத்தாறு. எண்ணைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. ஆனால் முறைக்கவில்லை. உள்ளே போய் டாக்டரம்மாவிடம், வெளிச்சம் பூவாக விரிவதையும் சாயங்கால சவாரியையும் தானே சொன்னார். மருந்தையும் நேரத்தையும் மாற்றித் தந்தார்கள். அவர் பார்வைப் பரப்பு ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருந்தது. போனது போனதுதான், மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வெளியே வரும்போது, "பகல் சவாரிக்கு மாறச் சொல்றாங்க. பாக்கணும்" என்றார். பழைய கேலிப்பேச்சு அன்றைக்கு வரவில்லை. அவர் போன பிறகும் நம்பரக்காவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நாலு வருஷம் பதினாறு எழுதியது அவள் கைதான்.

அன்றிலிருந்து அந்த அறையில் இரண்டு பழக்கம் வந்தது. எண் எடுக்கும் முன் பழைய எண்ணை மூடிவைப்பது ஒன்று. இன்னொன்று ஒரு கேள்வி. "மருந்து போடுறீங்களா?" என்று அவள் கேட்பதில்லை, அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்பாள். விட்டுப்போவது சகஜம்தான் என்பதுபோலக் கேட்டால், ஆட்கள் மேலே பார்த்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள், "உள்ள என்ன கல்யாணப் பேச்சா நடக்குது?" என்று முணுமுணுத்தார்கள்.

அவள் நாள் வந்தது. இந்த முறை ஒருமுறை அளந்தால் போதாது, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மருத்துவமனை திறப்பது ஒன்பதுக்குத்தான். புதுப்பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆறே முக்காலுக்கே வந்து விளக்கைப் போட்டாள். எண்களை மாலையில் மொத்தமாகத்தான் சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அன்று நம்பரக்காவுக்கு விடுப்பு. நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், அறிவிப்புப் பலகையில் இருந்ததையெல்லாம் எழுத்துவிடாமல் படித்தாள். பக்கத்தில் இருந்த பெரியவர், "முதல் தடவையாம்மா? ஒண்ணும் வலிக்காது. உள்ள ஒரு அம்மா இருக்காங்க, கொஞ்சம் கடுகடுன்னு இருப்பாங்க, ஆனா கை பூ மாதிரி" என்று தைரியம் சொன்னார். இவள்தான் அந்த அம்மா என்பது அவருக்குச் சட்டென்று தெரியவில்லை, கண் அப்படி. "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஆறாவது முறை அளந்து முடித்ததும் புதுப்பெண் தாளைக் கொண்டுவந்து டாக்டரம்மா மேசைமேல் வைத்தாள். மருந்து போடாத இடது கண்ணில் காலை ஏழு மணிக்கு இருபத்தெட்டு; பிறகு படிப்படியாக இறங்கி மாலையில் இருபத்துமூன்று. மருந்து போட்ட வலது கண்ணில் காலையில் இருபது, மாலையில் பதினேழு.

"கேக்குது" என்றார் டாக்டரம்மா. "நல்லாவே கேக்குது. உன் கண்ணுக்கு அழுத்தம் ஏறுறது விடிகாலையில. நாம எல்லாரும் கதவைத் திறக்கறதுக்குள்ள அது இறங்கிடுது. இன்னும் கொஞ்சம் இறக்கணும், அதுக்கு வழி இருக்கு. இன்னையிலருந்து இடதுக்கும் போடு. ஒரு சொட்டு."

"ஒரு வேளை" என்றாள் நம்பரக்கா.

"நான் சொல்லல, நீயே சொல்லிட்ட."

புதுப்பெண் சிரித்துவிட்டாள். நம்பரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் சொல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவும் இல்லை.

ஆனால் அடுத்த வாரமே வேறொன்று பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு, பிறகு தனக்கு. அப்படியென்றால் மகளுக்கு? இந்த நோய் வீட்டுக்குள்ளேயே கைமாறி வரக்கூடியது என்று அவளே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். மகள், "எனக்கு நல்லாத் தெரியுதும்மா" என்றாள். "எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது" என்றாள் இவள். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் மகள் ஒரு சனிக்கிழமை, கல்லூரி முடிந்து, முனகிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"நீயே எடும்மா, சீக்கிரம் முடிச்சிட்டுப் போறேன்."

"நான் எடுக்க மாட்டேன். அக்கா எடுப்பாங்க."

டாக்டரம்மா உள்ளே காத்திருக்க, புதுப்பெண் அவளை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நம்பரக்கா நடைகூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சாயம் தொட்டிருப்பாள், விளக்குப் போட்டிருப்பாள், இப்போது வலது கண், இப்போது இடது என்று மனசுக்குள்ளேயே சக்கரத்தைத் திருகினாள். இவ்வளவு நேரம் ஏன்? இருபத்திரண்டு வருஷத்தில், அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது எத்தனை நேரமாகத் தெரியும் என்று அவள் யோசித்ததே இல்லை.

கதவு திறந்தது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பதினஞ்சு, பதினஞ்சு அக்கா" என்றாள் புதுப்பெண் பின்னாலிருந்து. "நரம்பும் சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"இதுக்கா ஒரு வாரமா வீட்ட ரெண்டாக்குன?" என்றாள் மகள். "மூஞ்சி பூரா மஞ்சளா இருக்கு. இப்படியே பஸ்ல போகணுமா நான்?"

நம்பரக்கா பஞ்சை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு புதுச் சீட்டு ஒன்றில் அடுத்த வருஷத்துத் தேதியை எழுதி மகளின் பைக்குள் போட்டாள்.

"அன்னைக்கு எனக்குப் பரீட்சை இருந்தா?"

"தேதிய மாத்தச் சொல்லு."

"எதை? பரீட்சையவா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து யார் என்று பார்க்க அவள் பெஞ்சுப் பக்கம் போய்விட்டாள்.